நாலாயிரத்து நாலைக் கழுவிய ஞாயிறு

1989 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு அத்தை காரின் கூரையில் குழாய்த் தண்ணீரை விட்டாள். ஏழேகால் வரை வெறும் தண்ணீர்தான். அதன் பிறகு சோப்பு, பிறகு மறுபடி தண்ணீர், எட்டு மணிக்கு ஈரத்தை ஒற்றத் தோல் துணி. எட்டேகாலுக்கு இரண்டு வாளிகளும் கழுவிக் கவிழ்க்கப்பட்டன. எங்கள் வாசலுக்கு வெயில் வருவது எட்டரைக்கு. வெயில் ஏறிய தகட்டில் தண்ணீர் பட்டால் துளிகள் காய்ந்து வட்டம் வட்டமாகத் தடம் விழும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் இதே நேரம், இதே வரிசை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்குக் கடையில் இலவசமாகக் கிடைத்த டைரியில் அந்த வருடம்தான் எழுதத் தொடங்கியிருந்தேன். அந்தத் தேதிக்குக் கீழே இப்படி இருக்கிறது: "அத்தை கார் கழுவினாள். இரண்டு தடவை. பெரியப்பா கோபம். கேசரி மிச்சம்." நான்கிலும் பொய் எதுவும் இல்லை. விட்டுப்போனவைதான் அதிகம்.

அத்தை அப்பாவின் தங்கை. ரப்பர் எஸ்டேட்டை விற்று, பால் மரங்களில் பாதியை வெட்டி, அந்த இடத்தில் தாமான் என்ற வரிசைவீட்டுக் குடியிருப்பைக் கட்டியபோது தொழிலாளர் லயத்திலிருந்து நாங்கள் எல்லோரும் அங்கே குடிவந்தோம். அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். அது என்ன மருத்துவமனை என்று ஈப்போவில் யாரும் கேட்கமாட்டார்கள், மனநோயாளிகளுக்கானது என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் சிரித்துக்கொண்டு, உள்ளே போகிறவளா வெளியே வருகிறவளா என்று கேட்பார்கள். "ரெண்டும்தான்லா. ஷிஃப்டு முடிஞ்சா விட்டுருவாங்க" என்பாள் அத்தை.

மாலை ஷிஃப்டு முடிய இரவு ஒன்பது ஆகும். அந்த நேரத்தில் எங்கள் லகாட் பக்கம் வர பஸ் கிடையாது. இரண்டு வருடம் அப்பா மோட்டார் சைக்கிளில் போய் அழைத்து வந்தார். மழைக்காலத்தில் இருவரும் நனைந்து, மாறி மாறிக் காய்ச்சலில் படுத்தார்கள். வேலையை விட்டுவிடச் சொன்னார் பெரியப்பா. அத்தை வேலையை விடவில்லை, லைசென்ஸ் எடுத்தாள். பிறகு கார் வாங்கினாள். எங்கள் வரிசையில் கார் வாங்கிய முதல் பெண் அவள்தான்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய ஜப்பான் கார், நல்ல கறுப்பு. எண் 4004. முன்பு வைத்திருந்தவர் லகாட்டில் இரும்புச் சாமான் கடை நடத்திய சீனத் தவுக்கேயின் மகன். சீனர்களின் காதுக்கு அவர்கள் மொழியில் நாலு என்ற சொல் சாவு என்று கேட்கும். இதில் முன்னால் ஒரு நாலு, பின்னால் ஒரு நாலு. தவுக்கே கிழவர் அதில் ஏற மறுத்ததால் கார் விற்பனைக்கு வந்தது. சீனர் யாரும் கிட்டே வரவில்லை. தமிழர்கள் வந்தார்கள், கதவைத் திறந்து பார்த்தார்கள், பிறகு எண்ணைக் கூட்டினார்கள். நாலும் நாலும் எட்டு. எட்டு சனியின் எண், கறுப்பு சனியின் நிறம். அவர்களும் போய்விட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஆகாத அந்தக் காரை அத்தை ஒரு சனிக்கிழமை போய் எடுத்துவந்தாள். மற்ற நாட்களில் அவளுக்கு விடுப்பு இல்லை, அவ்வளவுதான் காரணம். ஆனால் யாரும் அதை நம்பவில்லை.

அன்று அம்மா கண்மைச் சிமிழுடன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். புது வாகனத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கவேண்டும். கறுப்புக் காரில் கறுப்புப் பொட்டை எங்கே வைப்பது?

"முழுக் காருமே திருஷ்டிப் பொட்டுதான் அண்ணி. உள்ள போய் வேலையப் பாருங்க" என்றாள் அத்தை.

கறுப்பு நிறத்தில் எதுவும் மறையாது. வெள்ளைக் காரில் தூசி இருந்தால் பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. கறுப்பில் அடுத்த தெருவிலிருந்தே தெரியும். அதிலும் எங்கள் பக்கத்துத் தூசி சாதாரணத் தூசி இல்லை. சுண்ணாம்புக் கல் மலைகளை உடைக்கிறார்கள், லாரிகள் அந்தத் தூளைச் சிந்திக்கொண்டே போகின்றன. கையால் தொட்டால் மாவு மாதிரிதான் இருக்கும், ஆனால் அது கல். உலர்ந்த துணியால் துடைத்தால் அந்தக் கல்லை வைத்தே தேய்த்த மாதிரி ஆகும். வெயிலில் பார்த்தால் மயிரிழை மயிரிழையாகக் கீறல் மின்னும், அதன் பிறகு எத்தனை தரம் கழுவினாலும் போகாது. எனவே அத்தையிடம் ஒரே ஒரு சட்டம்தான் பெரிய சட்டம்: உலர்வாகத் துடைக்கக்கூடாது. முதலில் தண்ணீர். தூசியைத் தண்ணீர்தான் இறக்கவேண்டும். பிறகு ஒரு வாளியில் சோப்பு, இன்னொன்றில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும், சக்கரத்துக்கு வேறு துணி. பறவை எச்சம் இருந்தால் ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு எடுக்கவேண்டும், தேய்க்கக்கூடாது. மாதம் ஒரு முறை மெழுகு. மெழுகு போட்ட தகட்டில் தண்ணீர் நிற்காது, மணி மணியாக உருண்டு ஓடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் மழையை எதிர்பார்த்திருப்பேன்.

கறுப்புக் கார் வாங்காதே, பராமரிக்க முடியாது என்று என்னிடமும் இன்றுவரை சொல்கிறார்கள். இப்போது நான் ஓட்டுவது என்னுடைய மூன்றாவது கறுப்புக் கார்.

பெரியப்பா அடுத்த வரிசையில் இருந்தார். எஸ்டேட்டில் மண்டோராக, வேலையாட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். விடியற்காலையில் பெரட்டுக்கு வரிசையில் நின்ற ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து வேலைக்கு அனுப்பிய குரல் அவருடையது. எஸ்டேட் போனபிறகு அந்தக் குரலுக்கு நாங்கள்தான் மிச்சம். தாத்தா இல்லாத வீட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது தன் பொறுப்பு என்று அவர் நினைத்ததில் தவறில்லை. அந்தப் பொறுப்பில் காரும் அடங்கும் என்று நினைத்ததுதான் தவறு.

சனிக்கிழமை மாலை அவர் வந்து கூடத்தில் நின்றபடியே விவரத்தைச் சொன்னார். கமுந்திங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் பத்து மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆவணி முடிய இன்னும் சில நாட்களே இருக்கின்றன. புரட்டாசி வந்தால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். பையன் அங்கே தொழிற்சாலையில் வேலை, நல்ல குடும்பம். பெண் கறுப்புக் கார் வைத்திருக்கிறாளாமே, எட்டாமே என்று அவர்கள் விசாரித்தார்கள். விற்றாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் இரண்டு மணிக்கு ஈப்போவிலிருந்து கார் வியாபாரி வந்து எடுத்துக்கொண்டு போவான்; அப்போது சொன்னது உண்மையாகிவிடும்.

"வித்துட்டதா நீங்க சொன்னீங்க அண்ணே. நான் சொல்லல" என்றாள் அத்தை.

"யார் சொன்னா என்ன? அவங்க வார நேரத்துல அந்தச் சனி வாசல்ல நிக்கக் கூடாது."

கல்யாணம் வேண்டாம் என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. வரட்டும், பார்க்கட்டும் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். வேலையையும் காரையும் விடச் சொன்னால் மட்டும் முடியாது. கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அண்ணனின் பெரட்டில் நிற்கவேண்டியதுதான். இதை அவள் சமையலறையில் சொன்னாள். கூடத்தில் சொல்ல யாரும் விடவில்லை.

இருவருக்கும் நடுவில் அகப்பட்ட அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். கழுவி முடித்ததும் காரை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், பால் மரங்களுக்குக் கீழே நிறுத்திவிடலாம். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பெரியப்பா மேலே கேன்வாஸ் போட்டு மூடச் சொன்னார். அதற்கு அத்தை சம்மதிக்கவில்லை. மூடினால் தூசி அடியில் மாட்டிக்கொண்டு காற்றில் உரசும், கீறல் விழும். மூடாமலே நிற்கட்டும் என்றாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் சொன்னது நடந்தது.

இதையெல்லாம் நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டதை வரிசைப்படுத்திப் பார்த்தேன். காரைப் பிடிக்கவில்லை, ஏனென்றால் கறுப்பு. காரைப் பிடிக்கவில்லை, ஏனென்றால் எட்டு. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் காரை விற்கவேண்டியதில்லை. பெரியவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிறு எட்டரைக்கு அத்தை காரைப் பின் சந்தில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாள். ஒன்பது மணிக்கு அவளுக்கு ரோஜா நிறப் பட்டுச்சேலை கட்டிவிட்டார்கள். அம்மா பூத் தொடுக்க, பெரியம்மா கேசரி கிளற, அப்பா நாற்காலி இரவல் வாங்கப் போக, என்னைக் கவனிக்க ஆள் இல்லை. சாமி மேடைக்குக் கீழே, கோயில் திருவிழாவுக்கு என்று வாங்கி வைத்த பெரிய திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. அதை ஒரு பால் டின்னில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கரைத்து, தோசை மாவு பதத்துக்குக் கொண்டுவந்தேன். வெள்ளை நிறம், அதோடு சாமியின் பொருள். சனிக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் இருக்க முடியாது.

முதலில் முன் மூடியில் மூன்று பட்டைகள் இழுத்தேன். அழகாக இருந்தது. ஆனால் பட்டைகளுக்கு இடையே கறுப்பு தெரிந்தது. ஆகவே முழுவதும் பூசினேன். பிறகு இரண்டு பக்கக் கதவுகள், பின் மூடி. கூரை எனக்கு எட்டவில்லை. கடைசியில் அந்தக் கார் வெள்ளைச் சட்டை போட்டுக் கறுப்புத் தொப்பி வைத்த ஆள் மாதிரி நின்றது. எண் பலகையில் கடைசி நாலின் மேல் கெட்டியாக அப்பி அதை மறைத்தேன். 400. கூட்டினால் நாலு. எட்டு போய்விட்டது. நாலு வந்ததால் சீனர்களுக்கு ஏற்படக்கூடிய சங்கடத்தை நான் யோசிக்கவில்லை. வருகிறவர்கள் தமிழர்கள்தானே.

அவர்கள் வாசல் வழியாக வந்திருந்தால் பத்து மணிக்கு வந்து, கேசரி சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் எங்கள் தாமானில் எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும். அவர்களுடைய வேன் ஓட்டியவர் வழி தெரியாமல் பின் சந்துக்குள் நுழைந்துவிட்டார். மணி பத்தாக இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. சந்து குறுகலானது, காரைத் தாண்டி வேன் போக முடியாது. அவர் ஹார்ன் அடித்தார். நான் இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஹார்ன் சத்தத்துக்குப் பெரியப்பா சமையலறைக் கதவு வழியாக வெளியே வந்தார். வேனைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, தாய்மாமன், இன்னும் நாலைந்து பேர், கடைசியில் முழுக்கைச் சட்டையில் மாப்பிள்ளை. தாய்மாமன் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது யார் கார், என்ன வேண்டுதல் என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுக் கார்" என்றார் பெரியப்பா. "பிள்ளைங்க விளையாட்டு. துடைச்சிட்டா போச்சு."

சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து முன் மூடியைத் துடைக்கத் தொடங்கினார். விளிம்புகளில் பூச்சு காய்ந்திருந்தது. அதனோடு ஒன்றரை மணி நேரம் வெளியே நின்றதில் படிந்த மலைத் தூசி. துண்டும் உலர்ந்த துண்டு. சரக், சரக் என்று ஒரு சத்தம் வந்தது. மற்றவர்களுக்கு அது துடைக்கும் சத்தம். எனக்கு அது கல் உரசும் சத்தம்.

பெண் பார்க்க வந்தால், கூப்பிடும்வரை பெண் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. அத்தை யாரும் கூப்பிடாமல் வந்தாள். பட்டுச்சேலையோடு, தலை நிறையப் பூவோடு, செருப்பில்லாமல், சமையலறைப் படியில் வந்து நின்றாள்.

"துடைக்காதீங்க அண்ணே."

பெரியப்பா நிறுத்தவில்லை. உள்ளே போ என்று கண்ணால் காட்டிவிட்டு இன்னும் வேகமாகத் துடைத்தார். அத்தை இறங்கி வந்து துண்டின் ஒரு முனையைப் பிடித்தாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. இது என் கார்."

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். கோபக்காரப் பெண்மணி இல்லை. உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார். விற்றாகிவிட்டது என்று சொன்னார்களே அம்மா என்று கேட்டார்.

"சொன்னவர் இதோ நிக்கிறார், அவரைக் கேளுங்க. நான் விக்கல, விக்கவும் மாட்டேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"அப்பவும் ஒன்பது மணிக்குத்தான்லா ஷிஃப்டு முடியும்."

பெரியப்பா, உனக்கு என்ன கிலாவா, பைத்தியமா என்று கேட்டார். தஞ்சோங் ரம்புத்தானில் வேலை பார்க்கிறவளைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி அது. ஒரு நாளைக்கு நாற்பது பேரைப் பார்க்கிறேன், கிலா எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றாள் அத்தை. பிறகு சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். பின்சுவரில் தொங்கிய ரப்பர் குழாயை எடுத்துக் காரின் கூரைமேல் பிடித்தாள். தாய்மாமனிடம் மட்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா, வேட்டி நனையும் என்று மரியாதையாகச் சொன்னாள். தண்ணீர் வரவில்லை. குழாய்த் திருகு சமையலறைச் சுவரில் இருந்தது. அப்பா பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். பக்கத்தில் நின்ற பெரியம்மா, கேசரிக் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, திருகைத் திறந்துவிட்டாள்.

அத்தை எதையும் அவசரப்படுத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றும் வியப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெறும் தண்ணீருக்கு உரிய பதினைந்து நிமிடத்தை முழுதாகக் கொடுத்தாள். திருநீறு பால் மாதிரி வழிந்து சந்தின் ஓடையில் போயிற்று. கடைசி நாலு மறுபடி வெளியே வந்தது. பிறகு சோப்பு, பிறகு அலசல், கூரையிலிருந்து கீழ்நோக்கி, சக்கரத்துக்கு வேறு துணி. கார் நகராமல் வேன் முன்னால் போக முடியாது. பின்னாலேயே போகலாம், ஆனால் அதற்கு எல்லோரும் மறுபடி வேனில் ஏறவேண்டும். பெண் பார்க்க வந்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் ஏற யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே அம்மா தட்டுகளைச் சந்துக்கே கொண்டுவந்தாள். அவர்கள் பால் மரத்தடியில் நின்று தேநீர் குடித்தபடி, பெண் கார் கழுவுவதைப் பார்த்தார்கள். பெண் பார்க்கும் சடங்கில் இப்படி ஒன்று அந்தத் தாமானில் அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

மாப்பிள்ளை ஒரே ஒரு முறை வாய் திறந்தார். தண்ணீர் மணி மணியாக உருண்டு ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெழுகு எத்தனை நாளைக்கு ஒருமுறை போடுகிறீர்கள் என்று கேட்டார். மாதம் ஒருமுறை என்றாள் அத்தை, திரும்பிப் பார்க்காமல். தாய்மாமன் அவரை ஒரு முறை முறைத்ததும் அவர் கேசரிக்குத் திரும்பினார்.

பதினொன்றுக்கு அத்தை தோல் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அவர்கள் கைகூப்பி, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அத்தை ஈரச் சேலையோடு காரில் ஏறி, முன்னால் எடுத்து, வேனுக்கு வழி விட்டாள். கமுந்திங்கிலிருந்து எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அத்தை அதை எதிர்பார்க்கவும் இல்லை.

இரண்டு மணிக்கு வியாபாரி வந்தான். பெரியப்பா சாவியைக் கேட்டார். அத்தை சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, வியாபாரியிடம், உங்களை வீணாக அலையவைத்துவிட்டார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள், தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். அவன் எண் பலகையைப் பார்த்துவிட்டுத் தேநீரும் வேண்டாம் என்று போய்விட்டான்.

பிறகு பெரியப்பா பேசினார். வெகுநேரம் பேசினார். தன் மானம் கமுந்திங் வரை போய்விட்டது என்றார். அதில் பொய் இல்லை. அவர் சொன்ன பொய்யோடு சேர்ந்துதான் போயிருந்தது. முடிவாகச் சொன்னது இது:

"என் வீட்டு ஆளுங்க யாரும் இனி அந்தக் கார்ல கால் வைக்கக் கூடாது. செத்தாலும் அதுல ஏத்தக் கூடாது."

"சரிங்கண்ணே" என்றாள் அத்தை. வாதாடியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லோரும் போனபிறகு என் முறை வந்தது. கையைக் காட்டச் சொன்னாள். நகக்கண்களில் இன்னும் வெள்ளை இருந்தது. நான் அழத் தயாராக இருந்தேன். அத்தை ஒரே கேள்வி கேட்டாள்.

"திருநீற தண்ணியில கரைச்சியா, அப்படியே தேய்ச்சியா?"

"கரைச்சுத்தான் அத்தை. தோசை மாவு மாதிரி."

அவள் தலையசைத்தாள். வெயில் சாய்ந்து மரங்களுக்கு இடையே முன் மூடியில் விழுந்திருந்தது. அங்கே துண்டு போன வழி மூன்று நான்கு வளைவுகளாக மின்னியது. அதன்மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டினாள்.

"உன் வேலை தண்ணியில போயிடுச்சு. அண்ணன் வேலைதான் நிக்குது" என்றாள்.

மாலை முழுவதும் மெழுகு போட்டாள். மேலே மேலே தேய்த்தும் வளைவுகள் போகவில்லை. மங்கின, அவ்வளவுதான். நான் மெழுகு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காரைக் காப்பாற்றியது நான்தான் என்று ஒரு நேரமும், கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான் என்று ஒரு நேரமும் தோன்றியது. டைரியில் எதை எழுதுவது என்று தெரியாமல்தான் நான்கு வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அத்தைக்குக் காலை ஷிஃப்டு. அப்படிப்பட்ட நாட்களில் ஆறு மணிக்கே கிளம்பி என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். வெளிச்சம் வந்திருக்கவில்லை. காரில் பனி இறங்கியிருந்தது. நாங்கள் பின்கதவைத் திறந்தபோது சந்தில் யாரோ நிற்பது தெரிந்தது. பெரியம்மா. தொழிற்சாலைச் சீருடை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. அவள் பஸ் நிறுத்தம் தாமானின் மறுபக்கம். இந்தப் பக்கம் வரவேண்டிய வேலையே இல்லை.

"ஈப்போ வழியாத்தானே போற? என்னை பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுடு" என்றாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெரியப்பா கூடாது என்று சொன்னாரே, மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"சொன்னார்லா. நானும் அங்கதான நின்னேன்" என்றாள் பெரியம்மா.

தூக்கு தகட்டில் இடித்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கதவை எவ்வளவு மெதுவாகச் சாத்தவேண்டும் என்று கேட்டுவிட்டு அப்படியே சாத்தினாள். நான் பின்னால் ஏறினேன். அத்தை ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இடையில் ஒருமுறை புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். இஞ்சின் சூடேறட்டும் என்று காத்திருக்கிறாள் என நினைத்து நானும் பேசாமல் காத்திருந்தேன். அவள் இன்னும் சாவியையே போடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.